நோயின் பெயர் பிறகு வரட்டும்
கெடா மாநிலத்தில் மாடு வளர்ப்போர் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்



மூளையில் நோய் கண்ட மாட்டை எப்படி அடையாளம் காண்பது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது ஒன்றுதான். நோய்க்குப் பெயர் வைக்கும் வேலை நமக்கு வேண்டாம். அதற்கு மருத்துவர் இருக்கிறார், ஆய்வுக்கூடம் இருக்கிறது. நம் வேலை பார்ப்பது. பார்த்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்வது. மூளை நோயில் இந்த வேலைக்கு மற்ற எந்த நோயையும்விட மதிப்பு அதிகம். காய்ச்சலை வெப்பமானி காட்டிவிடும், மடி நோயைப் பாலே காட்டிவிடும். மூளைக்குள் நடப்பதை உயிரோடிருக்கும் மாட்டின் நடையும் பார்வையும் விழுங்கும் விதமும்தான் காட்டும். அவற்றை அன்றாடம் பார்ப்பவர் மருத்துவரல்ல, நீங்கள்.

பெயரை முந்திக்கொண்டு வைத்ததால் இந்த நாடு எவ்வளவு பெரிய விலை கொடுத்தது என்பதை உங்களில் பலர் நேரிலேயே பார்த்தவர்கள். 1998-ஆம் ஆண்டு செப்டம்பர் வாக்கில் ஈப்போவைச் சுற்றியிருந்த பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்கள் காய்ச்சலும் மூளை அழற்சியுமாக மருத்துவமனைகளில் சேரத் தொடங்கினார்கள். கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்று முடிவு கட்டப்பட்டது. புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஆனால் கண்ணுக்கு முன்னால் இருந்த சங்கதிகள் அந்தப் பெயரோடு ஒத்துப்போகவில்லை. ஜப்பானியக் காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்குவது. இங்கே படுத்தவர்கள் பன்றியைக் கையால் தொட்டு வேலை செய்த பெரிய ஆண்கள். தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் படுத்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பன்றிகளே நோயுற்றிருந்தன. பலமான இருமல், மூச்சிரைப்பு, தசைத் துடிப்பு. தாய்ப்பன்றிகள் சில தலையை எதன்மீதாவது அழுத்திக்கொண்டு நின்றன. ஜப்பானியக் காய்ச்சல் கிருமி பன்றியின் உடலில் பெருகும், கருவைக் கலைக்கும். வளர்ந்த பன்றியை இப்படி ஆட்டி வைக்காது.

அந்தப் பன்றிகள் விற்பனையாகி நெகிரி செம்பிலானுக்குப் போயின. நோயும் கூடவே போனது. 1999 மார்ச்சில்தான் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா கா பிங் புதிய கிருமி ஒன்றைப் பிரித்தெடுத்தார். சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரால் அதற்கு நிப்பா என்று பெயர் வந்தது. அதற்குள் பல மாதங்கள் ஓடிவிட்டன. 265 பேருக்கு மூளை அழற்சி, 105 பேர் மரணம், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிப்பு. பன்றி எப்படி இருமுகிறது, எப்படி நிற்கிறது என்பதைப் பண்ணையில் இருந்தவர்கள் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் பார்த்ததற்கு எடை கிடைக்கத் தாமதமானது. அந்தக் கிருமி மாட்டுக்கு வந்ததல்ல. ஆனாலும் மாடு வளர்க்கிறவர்கள் நெஞ்சில் வைத்திருக்க வேண்டிய வரலாறு அது.

இப்போது நம் மாடுகளுக்கு வருகிறேன். கெடாவின் பெயரைத் தாங்கிய மாட்டினமே உண்டு. கெடா-கெலாந்தான் என்ற அந்தச் சிறிய, வலுவான மாடு மலாய்க் கிராமங்களில் வயல் வேலைக்கும் இறைச்சிக்கும் வளர்க்கப்பட்டது. நம் பாட்டன்மார் கடல் கடந்து வந்த காலத்தில் இந்தியாவிலிருந்து வந்த மாடுகளின் வழிவந்தவற்றுக்கு 'உள்நாட்டு இந்தியக் கறவை இனம்' என்று கால்நடைத் துறை ஏடுகளில் தனி இடம் இருக்கிறது. பால்மரம் வெட்டிவிட்டு வந்து, தோட்டத்து லயத்துக்குப் பின்னால் கொட்டகையில் கட்டியிருந்த இரண்டு மூன்று மாடுகளைக் கறந்து, சைக்கிளில் பால் ஊற்றிப் பிள்ளைகளைப் படிக்க வைத்த குடும்பங்கள் இந்த அரங்கில் நிறையவே இருக்கின்றன. அந்த வளர்ப்பில் ஒரு பெரும் பலம் இருந்தது. ஒரு மாட்டை நாளுக்கு இரண்டு வேளை கை தொட்டது. மடியைத் தொடும்போது உதைக்காத மாடு ஒருநாள் உதைத்தால் கறக்கும் அம்மாவுக்கு அந்த நிமிடமே தெரிந்தது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, விற்கப்பட்டு, ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகு அந்த நெருக்கம் குறைந்துவிட்டது. தாமான் குடியிருப்பு வீட்டில் மாடு கட்ட முடியாது. இன்று பல மாடுகள் செம்பனைக்கு அடியில் தாமாக மேய்கின்றன. உடையவர் மாலையில் மோட்டாரில் போய்த் தலையை எண்ணிவிட்டு வருகிறார். எண்ணிக்கை சரியாக இருக்கும். ஆனால் ஒரு மாடு மூன்று நாளாகக் கூட்டத்தை விட்டுத் தனியே நின்றது தெரியாமல் போயிருக்கும். மூளை நோய்கள் பலவற்றின் முதல் அடையாளம் அந்தத் தனித்து நிற்றல்தான். அதனால் மேய்ச்சல் மாடு வைத்திருப்பவர்களை மன்றாடிக் கேட்கிறேன்: எண்ணுவதோடு நிறுத்தாதீர்கள். சற்றுத் தள்ளி நின்று, விரட்டாமல், கூட்டம் நகர்வதைப் பத்து நிமிடம் பாருங்கள். பின்தங்குவது எது, காலை இழுப்பது எது, காதை ஒரு பக்கம் தொங்கவிட்டிருப்பது எது என்பதெல்லாம் தூரத்திலிருந்து பார்த்தால்தான் துலக்கமாகத் தெரியும். அருகில் போனால் மாடு பயத்தில் தன்னை மறைத்துக்கொள்ளும்.

மூளை முழுவதும் ஒரே வேலை செய்யும் உறுப்பல்ல. கெட்டுப்போன பகுதி எதுவோ, அதற்கேற்பத்தான் அடையாளமும். முன்னால் உள்ள பெருமூளை பாதிக்கப்பட்டால் குணம் மாறும், பார்வை போகும். மாடு காரணமில்லாமல் நடந்துகொண்டே இருக்கும். சுவரிலோ மரத்திலோ நெற்றியை அழுத்தி அப்படியே நிற்கும். வாயில் புல்லைக் கவ்வியபடி மெல்ல மறந்து நிற்கும். பின்னால் உள்ள சிறுமூளை கெட்டால் புத்தி தெளிவாக இருக்கும், நடைதான் குலையும். காலை வேண்டியதைவிட உயரத் தூக்கி வைக்கும், தீவனத் தொட்டியை நோக்கித் தலையைக் கொண்டுபோகும்போது தலை நடுங்கும், நிற்கும்போது கால்களை அகட்டி வைக்கும். மூளைத்தண்டு பாதிக்கப்பட்டால் ஒரு பக்கக் காது தொங்கும், கண்ணிமை இறங்கும், உதட்டோரம் எச்சில் வழியும், கன்னத்துக்குள் மென்ற புல் அடைந்து நிற்கும், மாடு ஒரே பக்கமாக வட்டமடிக்கும். தலை தெளிவாக இருந்து பின்னங்கால் மட்டும் தள்ளாடினால் கோளாறு தண்டுவடத்திலோ, இடுப்பிலோ, காலிலேயோ இருக்கலாம்.

கண்ணைச் சோதிப்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். இதைச் செய்யக் கைவிளக்கைத் தவிரக் கருவி எதுவும் வேண்டாம், மாட்டின் வாய்ப்பக்கமும் போக வேண்டாம். பக்கவாட்டில் நின்று, விரல்களை விரித்துக் கண்ணை நோக்கிச் சட்டென்று கொண்டுபோங்கள். காற்று கண்ணில் படக் கூடாது. பட்டால் குருட்டு மாடும் இமைக்கும். பார்வையுள்ள மாடு காற்றில்லாமலே இமைக்கும். பிறந்து ஓரிரு வாரமேயான கன்றுக்கு இந்தப் பழக்கம் இன்னும் வந்திருக்காது என்பதால் அதைக் குருடென்று நினைத்துவிடாதீர்கள். அடுத்து, நிழலான இடத்தில் கைவிளக்கை அடித்துப் பாருங்கள். கருவிழிக்குள் இருக்கும் பாவை சுருங்குகிறதா? கையைக் காட்டினால் இமைக்காத, ஆனால் வெளிச்சத்துக்குப் பாவை சுருங்குகிற மாட்டுக்குக் கண் நன்றாக இருக்கிறது. கண்ணிலிருந்து வரும் செய்தியைப் பார்வையாக மாற்றும் பெருமூளைதான் வேலை செய்யவில்லை. தொலைபேசியில் இந்த இரண்டு வரியைச் சொன்னால் மருத்துவர் பாதித் தூரம் போய்விடுவார்.

அப்படித் திடீரென்று பார்வை இழந்து, வானத்தைப் பார்ப்பதுபோல் கழுத்தைப் பின்னால் வளைத்துத் தள்ளாடும் மாட்டில் இரண்டு காரணங்களை முதலில் யோசிப்பார்கள். ஒன்று தீவனம். மாட்டின் பெருவயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள்தான் அதற்கு வேண்டிய பி1 வைட்டமினைச் செய்து கொடுக்கின்றன. புல் தின்று பழகிய மாட்டுக்கு ஒரே நாளில் பழைய ரொட்டியையோ தவிட்டையோ குவித்துப் போட்டால், வயிறு புளித்து, அந்த வைட்டமினையே உடைத்துப்போடும் கிருமிகள் பெருகிவிடும். தீவனத்திலோ தண்ணீரிலோ கந்தகம் மிகுந்தாலும் இதே கேடு வரும். பெருமூளையின் சாம்பல் நிறப் பகுதி மென்மையாகிச் சிதையும். நல்ல செய்தி என்னவென்றால், முதல் நாளே பி1 ஊசி போட்டால் பல மாடுகள் ஓரிரு நாளில் எழுந்து பார்க்கத் தொடங்கிவிடும். தாமதித்தால் அந்த வாய்ப்பு போய்விடும். ஆகவே மருத்துவரிடம் தீவனத்தை மறைக்காதீர்கள். எந்தக் கடைக்காரர் மிச்ச ரொட்டியை மூட்டையாகக் கொடுத்தார் என்று யாரும் வழக்குப் போடப்போவதில்லை.

இன்னொரு காரணம் ஈயம். லயத்துக்குப் பின்னால், பட்டறைக்கு ஓரமாக, சாலையோரக் குப்பையில் பழைய கார் பேட்டரி உடைந்து கிடக்கும். மாடு அதை நக்கும், கன்று துண்டையே மெல்லும். பழைய சாயம் உரிந்த பலகையும் அப்படித்தான். ஈயம் ஏறிய மாடு குருடாகும், பல்லை நறநறக்கும், காதும் இமையும் ஓயாமல் துடிக்கும், சில வேளை கதறிக்கொண்டு வேலியில் மோதும். சாணி நின்றுபோகும், வயிறு அசையாது. கன்று ஒன்று காலையில் நன்றாக இருந்து மாலையில் செத்துக் கிடந்தால், அதன் சாவுக்கு முன்பே பேட்டரித் துண்டு மேய்ச்சல் நிலத்தில் கிடந்திருக்கலாம். தேடுங்கள். ஈயம் பாலிலும் வரும். ஆகவே மற்ற மாடுகள் நலமாகத் தெரிந்தாலும் சோதிக்காமல் அவற்றின் பாலை விற்கக் கூடாது.

பூச்சிமருந்து, களைக்கொல்லி நஞ்சுகளும் உண்டு. ரப்பர் காலத்தில் லாலான் புல்லை அழிக்கத் தெளித்த சோடியம் ஆர்சனைட்டை முதியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இன்றைய பூச்சிமருந்துகளில் ஒரு வகை, எச்சிலைக் கொட்டச் செய்து, பாவையை ஊசிமுனையாகச் சுருக்கி, தசையெல்லாம் துடிக்க வைக்கும். நஞ்சுக்கு ஒரு பொதுக் குணம் இருக்கிறது. ஒரே இடத்தில் மேய்ந்த பல மாடுகளை ஒரே சமயத்தில் தாக்கும். எத்தனை மாடு, எந்தத் தெளிப்புக்குப் பின் என்று சொல்லுங்கள்.

மூளை நோய் போலவே தெரிந்து மூளை நோயாக இல்லாதவையும் நிறைய. கன்று போட்டு ஓரிரண்டு நாளில் பால்மாடு தள்ளாடி, படுத்து, கழுத்தை விலாப்பக்கம் மடித்து, காது சில்லிட்டுக் கிடந்தால் அது பெரும்பாலும் இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து இறங்கிய பால் காய்ச்சல். பெயர் காய்ச்சல், உடம்போ குளிர்ந்திருக்கும். மருத்துவர் நரம்பில் மெதுவாக ஏற்றும் மருந்தில் ஒரு மணி நேரத்துக்குள் எழுந்து நிற்கும் மாடுகள் உண்டு. கன்று போட்டுச் சில வாரங்களில் நிறையப் பால் கொடுக்கும் கலப்பினப் பசு தன் உடம்பையும் இரும்புக் கம்பியையும் வெறியோடு நக்குவதும், மூச்சில் நகச்சாய நீக்கியின் வாடை வருவதும் உடலில் கொழுப்பு அளவுக்கு மீறிக் கரைவதால் வரும் கோளாறு. இதையெல்லாம் மந்திரித்துக் கட்டுவதற்குள் நேரம் போய்விடுகிறது. திருநீறு பூசுவதை நான் தடுக்கமாட்டேன், நானும் பூசுவேன். பூசிக்கொண்டே மருத்துவருக்குப் பேசுங்கள்.

உண்ணியும் ஈயும் கொண்டுவரும் இரத்த நோய்களில் இரண்டு மூளைவரை போகும். உண்ணிக் காய்ச்சலில் ஒரு வகைக் கிருமி புகுந்த சிவப்பணுக்கள் மூளையின் மயிரிழை நாளங்களில் அடைத்துக்கொள்கின்றன. கடும் காய்ச்சல், சிவந்த சிறுநீர், பிறகு வெறி அல்லது வலிப்பு. ஆஸ்திரேலியா, நியூசிலாந்திலிருந்து வந்த மாடுகளும் அவற்றின் கலப்பினங்களும் இதற்கு எளிதில் பலியாகும். நம் பழைய இனங்கள் சிறு வயதிலேயே உண்ணிக்குப் பழகியவை. மற்றொன்று சர்ரா. 1880-இல் கிரிஃபித் எவன்ஸ் என்ற கால்நடை மருத்துவர் பஞ்சாபில் குதிரைகளிலும் ஒட்டகங்களிலும் கண்ட, வால் போன்ற ஓரிழையுள்ள கிருமி. பெரிய கடி ஈக்கள் பரப்பும் இது மலேசியாவில் மாடு, எருமை, மான், குதிரை எல்லாவற்றிலும் கண்டறியப்பட்டிருக்கிறது. வந்து வந்து போகும் காய்ச்சல், இளைப்பு, சோகை என்று நாட்கணக்கில் இழுக்கும். சில மாடுகளில் கடைசியில் வட்டமடித்தல், குருடு, தலை முட்டல் வரும். மூளைக்குள் ஒளிந்த கிருமியை வழக்கமான மருந்து எட்டாது என்பதால், தேறியதுபோலத் தெரிந்த மாடு மறுபடியும் விழும். காய்ச்சல் அளவையும் நாளையும் ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். சர்ராவைப் பிடிக்க அந்த நோட்டு மிகவும் உதவும்.

உலகம் அறிந்த மாட்டு மூளை நோயான பைத்தியப் பசு நோய் நம் நாட்டு மாடுகளில் கண்டறியப்பட்டதில்லை. ஆனாலும் அது வெளிப்பட்ட விதத்தை இங்கே சொல்லியாக வேண்டும். இங்கிலாந்தின் சசெக்ஸ் மாவட்டத்தில் பிட்ஷம் பண்ணை. 1984 டிசம்பர் 22-ஆம் தேதி டேவிட் பீ என்ற கால்நடை மருத்துவர் அங்கே 133 என்ற எண்ணுள்ள பசுவைப் பார்க்கப் போனார். முதுகு கூன், உடல் இளைப்பு. பிறகு தலை நடுங்கியது, நடை குலைந்தது. 1985 பிப்ரவரியில் அது செத்தது. அதே பண்ணையில் மேலும் சில பசுக்கள் அதே வழியில் போயின. அவர் தனக்குத் தெரிந்த பெயரில் எதையும் அடைத்துப்போடாமல், இது எதற்கும் பொருந்தவில்லை என்று ஆய்வுக்கு அனுப்பினார். அந்த ஆண்டு செப்டம்பரில் கேரல் ரிச்சர்ட்சன் என்ற நோய்க்குறியியல் வல்லுநர் மூளைத் துண்டில் பஞ்சு போன்ற துளைகளைக் கண்டார். ஆனாலும் தீவனத்தில் பூஞ்சை நஞ்சு என்றே முதலில் நினைத்தார்கள். புது நோய் என்று ஏற்றுக்கொள்ள 1986 நவம்பர் ஆனது. இறந்த கால்நடைகளின் இறைச்சியும் எலும்பும் அரைத்த தூளை மாட்டுக்கே தீவனமாக்கியதுதான் நோயைப் பரப்பியது என்று தெரிந்து 1988-இல் தடை வந்தது. பிரிட்டனில் மட்டும் 1,80,000-க்கும் அதிகமான மாடுகளில் நோய் உறுதியானது. மனிதரிலும் அதே வகை மூளை நோய் தோன்றியிருப்பதாக 1996 மார்ச்சில் அந்நாட்டு அரசே அறிவித்தது.

அந்தப் பசுக்கள் எப்படி நடந்துகொண்டன என்று கறப்பவர்கள் சொன்ன அடையாளங்கள்தான் பிறகு உலகம் முழுதும் கண்காணிப்புக்கு அடிப்படையாயின. வழக்கமாக நுழையும் வாசலில் தயங்கி நிற்கும். தரையில் உள்ள சிறு கால்வாயைத் தாண்டப் பயப்படும். மெல்லிய சத்தத்துக்கும் தொடுதலுக்கும் துள்ளும். மூக்கை ஓயாமல் நக்கும். கறக்கும்போது உதைக்கும். இவை வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மெல்ல முற்றும். நாலைந்து வயது தாண்டிய மாட்டில் வரும். குருடாகாது, வட்டமடிக்காது. வயதையும், எவ்வளவு காலமாக என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் இந்த வேறுபாடுகள் எதுவும் வெளியே வராது.

இனி, இன்று நான் வந்ததற்கு முக்கியக் காரணமான வெறிநோய். தாய்லாந்தின் எல்லை நம் மாநிலத்தின் வடக்கு வேலி. அந்த எல்லையை ஒட்டிப் பெர்லிஸ், கெடா, பேராக், கெலாந்தான் மாநிலங்களில் 50 முதல் 80 கிலோமீட்டர் அகலத்துக்கு நாய்களுக்குத் தடுப்பூசி போடும் காப்பு வளையம் ஒன்றை 1950-களிலேயே அமைத்தார்கள். நல்ல ஏற்பாடு. பல பத்தாண்டுகள் காத்தது. 2015-இல் அது உடைந்தது. பெர்லிஸ், கெடா, பினாங்கு மூன்றிலும் நாய்களில் வெறிநோய் உறுதியானது. 2017-இல் சரவாக்கின் செரியான் வட்டாரத்தில் குழந்தைகள் பலியானார்கள். அங்கே சாவு அதோடு நிற்கவுமில்லை. தெருநாய் மாட்டுக் கொட்டகையில் படுத்துறங்கும் ஊர் நம் ஊர். நாய்க்கு வந்தால் மாட்டுக்கும் வரும்.

வெறிநோய் என்றதும் எல்லோரும் முட்ட வரும் மாட்டைத்தான் நினைக்கிறார்கள். அப்படியும் வரும். ஆனால் பல மாடுகளில் நோய் சோர்ந்த முகத்தோடு வரும். மாடு தீவனம் எடுக்காது, பால் சட்டென்று இறங்கும், கூட்டத்தை விட்டு விலகும். குரல் கம்மி, காரணமில்லாமல் திரும்பத் திரும்ப நீளமாகக் கத்தும். கொட்டாவி விடுவதுபோல் வாயைத் திறக்கும். முக்கிக்கொண்டே இருக்கும், சாணி வராது. வால் துவளும், பின்னங்கால் கணு மடங்கும். பசுவாக இருந்தால் பருவத்துக்கு வந்ததுபோல் மற்ற மாடுகள்மீது ஏறும். தொண்டை செயலிழந்து எச்சில் நூலாகத் தொங்கும், தண்ணீரைப் பார்த்தும் குடிக்க முடியாது. அடையாளம் தெரிந்ததிலிருந்து பத்து நாளுக்குள், பெரும்பாலும் அதற்கு முன்பே, முடிந்துவிடும். நாய் கடித்தது சில மாதங்களுக்கு முன்பாக இருக்கலாம். காயம் ஆறி, கடித்ததே மறந்திருக்கும்.

எச்சில் ஒழுகி விழுங்க முடியாமல் நிற்கும் மாட்டைப் பார்த்தால் நம் கை தானாக எங்கே போகும்? தொண்டையில் பழக்கொட்டை சிக்கியிருக்கும் என்று வாய்க்குள் போகும். இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஒவ்வொருவரிடமும் நான் உறுதி கேட்கிறேன். எச்சில் ஒழுகும் மாட்டின் வாய்க்குள் வெறுங்கையை விடாதீர்கள். உங்கள் விரலில் புல் அறுத்த கீறல் இருக்கும், கிருமிக்கு அது போதும். மூங்கில் குழாயில் எண்ணெயோ கஷாயமோ புகட்டவும் வேண்டாம். விழுங்க முடியாத மாட்டுக்கு அது நேரே நுரையீரலுக்குப் போய் அதுவே கொன்றுவிடும். மாட்டைத் தனியாகக் கட்டி, பிள்ளைகளையும் நாய்களையும் விலக்கிவிட்டு, கால்நடைச் சேவைத் துறைக்குச் சொல்லுங்கள். 1953-ஆம் ஆண்டு விலங்குகள் சட்டப்படி சொல்ல வேண்டியது நம் கடமையும்கூட. அந்த மாட்டை அறுத்து இறைச்சியாக்கக் கூடாது. அதன் பாலைக் குடிக்கக் கூடாது. காய்ச்சினால் கிருமி சாகும் என்பது உண்மைதான், ஆனால் கறக்கும் கையும் ஊட்டும் கன்றும் காய்ச்சுவதற்கு முன்பே தொட்டுவிடும்.

எச்சில் ஏற்கெனவே கையில் பட்டிருந்தால் அந்த நொடியே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சளோ சுண்ணாம்போ வைத்துக் கட்டாதீர்கள். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய், மாட்டின் நிலையையும் உங்கள் காயத்தையும் சொல்லித் தடுப்பூசி கேளுங்கள். மாட்டின் ஆய்வு முடிவு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மனிதருக்கு நோய்க்குறி தெரிந்த பிறகு காப்பாற்றுவது அநேகமாக முடியாத காரியம். அதற்கு முன் போடும் ஊசியோ ஏறத்தாழ எல்லோரையும் காப்பாற்றிவிடும்.

மாடு இறந்தால் தலையை நீங்கள் திறக்காதீர்கள். துறை ஆட்கள் எடுத்துக் குளிர்ப்பெட்டியில் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள். 1903-இல் அடெல்கி நெக்ரி என்ற இத்தாலிய மருத்துவர் வெறிநோய் கண்ட மூளை நரம்பணுக்களில் சிறு உருண்டைகளைக் கண்டார். மாட்டில் அவற்றைத் தேடச் சிறந்த இடம் சிறுமூளை. இன்று ஒளிரும் சாயச் சோதனை சில மணி நேரத்தில் விடை சொல்லும். மூளை அழுகிவிட்டால் அந்தச் சோதனையை நம்ப முடியாது. நம் வெயிலில் அழுக அரை நாள் போதும். சொல்லத் தயங்கும் ஒவ்வொரு மணி நேரமும் அந்த விடையைத் தொலைக்கிறது.

கடைசியாக, எல்லோர் சட்டைப் பையிலும் இருக்கும் கைப்பேசியைப் பற்றி. என்ன ஆச்சு என்று மருத்துவர் கேட்டால், மாட்டுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு டாக்டர் என்கிறோம். அதிலிருந்து அவர் எதையும் எடுத்துக்கொள்ள முடியாது. வயது, கன்று போட்டு எத்தனை நாள், எப்போது தொடங்கியது, திடீரென்றா மெல்லவா, ஒரு பக்கமா இரு பக்கமுமா, ஒரு மாடா பல மாடா, போன வாரம் தீவனம் மாறியதா, தெருநாய் வந்ததா என்பதைச் சொல்லுங்கள். பிறகு காணொளிப் படம் எடுத்து அனுப்புங்கள். பக்கவாட்டில் நடப்பது ஒரு துண்டு, பின்னாலிருந்து நடப்பது ஒரு துண்டு, இரு காதும் இரு கண்ணும் தெரிய முகம் ஒரு துண்டு, தொட்டியில் தண்ணீர் வைத்தால் குடிக்கிறதா என்பது ஒரு துண்டு. விரட்டி ஓட வைத்து எடுக்காதீர்கள், சத்தம் போடாதீர்கள். மாட்டின் குரலும் பதிவாக வேண்டும். படம் எடுக்கும்போது வேலிக்கு வெளியே நின்று எடுங்கள். மாடு இருக்கும் இடத்தில் வேலி இல்லையென்றால் வண்டிக்குள் அமர்ந்து எடுங்கள்.

கேள்விகளைக் கேட்கலாம். கன்றுக்குட்டி வைத்திருப்பவர்கள் முதலில் கேளுங்கள்.